மெடிக்கல் கடை ஷாம்பு: ஓர் எண்ணெய்த் தலைக்காரனின் மதிப்பீடு

இந்த ஷாம்பு முடி வளர்க்காது. முடி வளரும் என்ற நம்பிக்கையில் படிக்க வந்தவர்கள் இந்த வரியோடு கிளம்பிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலையில் தலைகுளித்துவிட்டு வேலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முன்னெற்றி முடி நாலைந்து கற்றையாக ஒட்டிக்கொள்கிறவர்கள், சொறிந்தால் நகத்துக்குள் மஞ்சள் பிசுக்கு ஏறுகிறவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றியதும் பக்கத்தில் நிற்பவன் அரையடி நகர்வதைப் பார்த்திருக்கிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது கெட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. பல கம்பெனிகள் போடுகின்றன, மருந்தும் அளவும் ஒன்றுதான், நுரையும் வாசனையும்தான் கொஞ்சம் மாறும். நான் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனி பாட்டில்களைக் காலி செய்திருக்கிறேன். தலைக்கு வித்தியாசம் தெரியவில்லை, பர்ஸுக்குத் தெரிந்தது. அதனால் இப்போது கடையில் எது விலை குறைவோ அதைத்தான் கேட்கிறேன். மெடிக்கல் அண்ணனும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றுதான் சொல்கிறார், ஆனால் கை மட்டும் விலை அதிகமான பாட்டிலை நோக்கித்தான் போகும்.

எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பிளஸ் டூ படிக்கும்போதே தலையில் எண்ணெய் வழிய ஆரம்பித்துவிட்டது. முடி மெலிய ஆரம்பித்தது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து, காலேஜ் முடிக்கும் சமயத்தில். இரண்டும் ஒரே தலையில் நடப்பதால், ஒன்றால்தான் மற்றது வந்தது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். "எண்ணெய் போய் வேரை அடைச்சுக்குது தம்பி, அதான் கொட்டுது" என்பது எங்கள் சலூன் அண்ணனின் தீர்ப்பு. முடிவெட்டப் போகிற ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பின்னால் பிடித்து உச்சியைக் காட்டிவிட்டு, கேட்காமலேயே சொல்வார்.

அடைப்பெல்லாம் இல்லை. தோலுக்குள் முடிக்காலை ஒட்டியே எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதை வளர்த்துச் சுரக்க வைப்பது ஆண் ஹார்மோன்கள். பருவ வயதில் தொடங்கி இருபதுகளில் எண்ணெய் உச்சத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை 5 ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றுகிறது. பரம்பரையாகவே அதைத் தாங்காத முடிக்கால்கள் நெற்றியோரத்திலும் உச்சியிலும் இருந்தால், முடி விழுந்து முளைக்கிற ஒவ்வொரு சுற்றிலும் அது வளரும் காலம் குறைந்து, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாக நின்றுவிடுகிறது. பின்னந்தலை முடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாட்டன் காலத்து போட்டோவில் எல்லா வழுக்கைக்கும் பின்னால் ஒரு அரைவட்டம் மிச்சமிருப்பது இதனால்தான். ஆக, எண்ணெய்க்கும் முடி மெலிவுக்கும் பின்னால் நிற்பது ஒரே ஹார்மோன் குடும்பம். எண்ணெயை எடுத்துவிட்டால் மெலிவு நிற்கும் என்பது கணக்கில் வராது.

அப்புறம் இந்த ஷாம்பு எதற்கு என்றால், மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான். மலாசீசியா என்று ஒரு பூஞ்சை. எல்லோர் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைச் சொந்தமாகச் செய்துகொள்ள அதற்குத் தெரியாது, அதனால் நம் தலை எண்ணெயை உடைத்துச் சாப்பிடுகிறது. மிச்சமாக ஒலியிக் அமிலம் போன்றவற்றை விட்டுவைக்கிறது. அது சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் சிவக்கும், அரிக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாக உரியும். சாதாரணப் பொடுகு வெள்ளையாகச் சட்டையில் உதிரும். இது உதிராது, ஒட்டிக்கொண்டிருக்கும். புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும்கூட வரும். செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். தலை அதிகமாக எண்ணெய் விடுகிறவனுக்கு இந்தப் பூஞ்சை விருந்தாளி மாதிரி அல்ல, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்த ஆள். கெட்டோகோனசோல் அந்தப் பூஞ்சையின் உறையைக் கட்டுகிற எர்கோஸ்டிரால் என்ற பொருளைச் செய்யவிடாமல் தடுக்கிறது. பூஞ்சை குறைந்தால் வீக்கம் குறையும், அரிப்பு குறையும், சொறிவதாலும் வீக்கத்தாலும் கூடுதலாகக் கொட்டுகிற முடியும் குறையும். பரம்பரையாக மெலிவது அதன் பாட்டுக்கு நடக்கும். ஷாம்பு செய்கிற வேலை இவ்வளவுதான்.

இனி பாட்டிலுக்கு வருவோம். நான் வாங்கியவை பெரும்பாலும் ரோஸ் நிறத் திரவம். வாசனை பரவாயில்லை ரகம், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சென்ட் அடித்துக்கொண்டு நடந்த மாதிரி. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் குளியல் சோப்பு நுரைக்கவே யோசிக்கும், இது நுரைக்கிறது. கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். ஈரத்தலையில், முடியில் அல்ல, தோலில் படும்படி விரல் நுனியால் தேய்க்க வேண்டும். நகம் கூடாது. தேய்த்துவிட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். இந்த ஷாம்பு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். என் ரூம்மேட் போட்ட கையோடு கழுவிவிட்டு, "சும்மா ஷாம்பு மாதிரிதான்டா இருக்கு" என்றான். மருந்துக்குத் தோலில் உட்கார நேரம் வேண்டும். காலையில் ஷிஃப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஐந்து நிமிடம் நீளமானதுதான். நான் அதற்குள் பல் தேய்த்து, சவரமும் செய்துவிடுவேன்.

வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். அடங்கியதும் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். முழுவதும் நிறுத்தினால் திரும்பி வரும், ஏனென்றால் அந்தப் பூஞ்சையை யாரும் தலையைவிட்டு விரட்ட முடியாது, அடக்கித்தான் வைக்க முடியும். மற்ற நாட்களில் சாதாரண மைல்டு ஷாம்பு போட்டுத் தினமும் தலைகுளிக்கிறேன். தினமும் குளித்தால் எண்ணெய் இன்னும் சுரக்கும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். சுரப்பி ஹார்மோன் சொல்வதைத்தான் கேட்கும், பாத்ரூமில் நடப்பது அதற்குத் தெரியாது.

எனக்குக் கிடைத்த பலன் என்னவென்றால், அரிப்பு முதலில் போனது, ஓரிரு வாரத்திலேயே. மஞ்சள் பிசுக்கு மெதுவாக, ஒரு மாதத்துக்குள். காதோரச் சிவப்பு அதற்கும் பிறகு. தலையணை உறையில் முன்பு நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் விழும், அது போய்விட்டது. குளிக்கும்போது கையோடு வருகிற முடி குறைந்தது, நிற்கவில்லை. எண்ணெய் சுரப்பதும் நிற்கவில்லை. சாயந்திரம் தலையில் கைவைத்தால் இப்போதும் மினுமினுக்கும். ஆனால் நாற்றமில்லாத, அரிக்காத எண்ணெய் வேறு, முன்பிருந்தது வேறு. நெற்றியோரத்தில் இரண்டு பக்கமும் ஏறியிருக்கிற வளைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறை என்று பார்த்தால், முடி காய்ந்து தென்னை நார் போலாகிவிடுகிறது. எனக்கு முடி குட்டை என்பதால் சமாளிக்கிறேன். நீளமாக வைத்திருக்கிறவர்கள் நுனிக்கு மட்டும் கண்டிஷனர் போடலாம், தோலில் படாமல். சிலருக்குத் தோல் எரிச்சலும் வரலாம், அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதான். இன்னொன்று, கெட்டோகோனசோல் என்று இணையத்தில் தேடினால் கல்லீரல் கெட்டுப்போகும் என்று வந்து மிரட்டும். அது மாத்திரையைப் பற்றியது. 2013இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மாத்திரைக்குத்தான் கடும் கட்டுப்பாடு போட்டது. ஷாம்புவாகப் போட்டுக் கழுவுவதில் ரத்தத்துக்குள் போகிற அளவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இதே ஷாம்பு முடியையும் வளர்க்கும் என்று யூடியூபில் அடித்துச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 1998இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு ஆய்வு. இந்த ஷாம்புவைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு முடி கொஞ்சம் தடித்ததாக அதில் இருக்கிறது. ஆனால் மிகச் சிறிய ஆய்வு. அதை நம்பி நெற்றி இறங்கிவரும் என்று காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு முன்பு எங்கள் வீட்டில் நடந்த வைத்தியங்களையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அவைதான் நடக்கும். என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எல்லாத் தலைநோய்க்கும் ஒரே மருந்து தேங்காய் எண்ணெய். "எண்ணெ வெக்காமத் தலையக் காயப் போட்டா, கொட்டாம என்ன கண்ணு பண்ணும்?" என்று கேட்பார். சனிக்கிழமை தப்பினால் புதன்கிழமை, கிண்ணத்தோடு வந்து நிற்பார். தேங்காய் எண்ணெய் மோசமென்று சொல்ல மாட்டேன். அது முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. வறண்ட முடிக்காரர்களுக்கு, நீளமுடிக்காரர்களுக்கு நல்லது. ஆனால் ஏற்கெனவே எண்ணெயில் ஊறி, அதில் பூஞ்சை பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தலையில் மேலும் எண்ணெய் ஊற்றுவது யாருக்கு உபசாரம் என்று யோசியுங்கள். அம்மாயியிடம் இதை விளக்கிப் பார்த்தேன். "உங்க அப்புச்சிக்கு எழுபது வயசுலயும் முடி எப்படி இருந்துச்சு!" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் முடி எனக்கு வரவில்லை, அப்பாவின் நெற்றி வந்திருக்கிறது.

அரப்பு பற்றி மட்டும் கொஞ்சம் நல்லவிதமாகச் சொல்லியே தீருவேன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். உசிலை மர இலையைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. வடித்த கஞ்சியிலோ தண்ணீரிலோ கரைத்துத் தேய்த்தால், எண்ணெய் இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடும். தலை குளுகுளுவென்று இருக்கும், ஷாம்பு போட்ட வறட்சி இருக்காது. என் தலை எண்ணெயைப் பொறுத்தவரை கடையில் விற்கும் எந்த வாசனை ஷாம்புவையும்விட அரப்பு மேல். பூஞ்சைக்கு மருந்து என்ற கணக்கில் அதை வைக்க மாட்டேன், அரிப்பு அப்படியேதான் இருந்தது. அப்புறம் வாடகை வீட்டு பாத்ரூமில் அரப்பு தேய்த்துக் குளித்தால் பைப் அடைத்துக்கொண்டு வீட்டு ஓனர் வந்து நிற்பார். ஊருக்குப் போகும்போது மட்டும் அரப்பு.

இன்ஸ்டாகிராமில் வருகிற மூலிகை எண்ணெய்களை நான் வாங்கவில்லை, அதனால் மதிப்பெண் போட முடியாது. ஆனால் அந்த விளம்பரங்களைப் பார்க்கும்போது என் தொழில் புத்தி விழித்துக்கொள்ளும். துணியின் ஷேடை ஒப்புக்கொள்ள எங்களிடம் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. டி65 என்பது பகல் வெளிச்சம், டிஎல்84 என்பது கடை விளக்கு. ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்துகிற இரண்டு துணி, அடுத்த விளக்கை மாற்றியதும் வேறு வேறு நிறமாகத் தெரியும். எந்த விளக்கில் பார்த்தோம் என்று எழுதாமல் துணி வாங்குகிற பையருக்கு ஒரு ஷேடையும் அனுப்ப முடியாது. இந்த முடி விளம்பரங்களில் 'முன்' போட்டோ ஈரத்தலையோடு, மேலிருந்து அடிக்கிற வெள்ளை விளக்கில். 'பின்' போட்டோ காய்ந்த தலையோடு, முன்னால் வாரிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில். தரம் பார்க்கிற எங்கள் க்யூசி பெண் முதல் பார்வையிலேயே ரிஜெக்ட் செய்துவிடுவாள். நீங்கள் உங்கள் தலையைப் போட்டோ எடுத்து ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே விளக்கு, ஒரே கோணம், காய்ந்த தலை, ஒரே நீளம். இல்லையென்றால் எடுக்காமலே இருப்பது நிம்மதி.

இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே என்று ஒரு அட்டவணை இருக்கிறது. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கை இருக்கிறது, புதுமுடி முளைக்க வைப்பதும் இருக்கிறது. சட்டம் அந்தப் பக்கம் இருக்க, ரீல்ஸ் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்துப் பெருநகரத்தில் ஒரு முடி கிளினிக்குக்கும் போனேன். பெயர் வேண்டாம். ஏசி, காபி, தலையைப் பெரிதாக்கி டிவியில் காட்டும் கேமரா. என் முடிக்கால்களைச் சுற்றி எண்ணெய் மினுங்குவதைத் திரையில் பார்த்தால் எனக்கே பயமாகத்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவர் அரைமணி நேரம் பேசினார், கடைசியில் கேட்டபோதுதான் அவர் டாக்டர் அல்ல, கவுன்சிலர் என்று தெரிந்தது. நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுகிற பிஆர்பி ஊசி, சீரம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணைக்கும் ஏற்பாடு. என் காதோரச் சிவப்பை யாரும் பார்க்கவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவந்த பிறகும் போன் வந்துகொண்டே இருந்தது. முடி மாற்று சிகிச்சை வரைக்கும் யோசிக்கிற நண்பர்கள், கத்தியைப் பிடிக்கப்போவது யார் என்று கட்டாயம் கேளுங்கள். 2016இல் சென்னையில் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும், பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகு போன தோல் டாக்டரம்மாவின் அறையில் டிவியும் இல்லை, காபியும் இல்லை. டெர்மாஸ்கோப் என்ற கையடக்க லென்ஸை வைத்து உச்சியைப் பார்த்தார், பின்னந்தலையைப் பார்த்தார். பின்னால் எல்லா முடியும் ஒரே தடிமன், உச்சியில் தடித்ததும் மெலிந்ததும் கலந்து நிற்கிறது, இது பரம்பரை மெலிவுதான் என்றார். தைராய்டு, இரும்புச்சத்து எல்லாம் ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். நான் முடிக்கு என்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறேனா என்று கேட்டு, போட்டால் சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார், அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடுமாம். பயோட்டின் குறைபாடே அரிது, ஆனால் ஜெல்லி மிட்டாய் வடிவில் ஊரெல்லாம் விற்கிறார்கள்.

"மினாக்சிடில் வேணுமுங்களா மேடம்?" என்று, முடி வளரத் தலையில் போடுகிற மருந்தைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். "வேணும். ஆனா இப்ப இருக்குற தோல்ல போட்டா எரியும், பாதியில விட்டுருவீங்க. முதல்ல தலைய அடக்குங்க" என்று இந்த ஷாம்புவை எழுதினார். எனக்கு இந்த ஷாம்புவின் மதிப்பு புரிந்தது அங்கேதான். முடிக்கு வேலை செய்கிற மருந்தைத் தோல் தாங்குவதற்கு இது வழிவிடுகிறது.

மினாக்சிடில் பற்றி எண்ணெய்த் தலைக்காரனின் கண்ணோட்டத்தில் எழுதியவர்களை நான் தமிழில் பார்க்கவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் போடும் திரவமாக மாற்றினார்கள், அதற்கு 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 5 சதவீதத் திரவம், ஒரு வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை. 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால் கலந்திருக்கும். அதுதான் நம் எதிரி. காய்ந்த பிறகும் பிசுபிசுவென்று நிற்கும், சிலருக்கு அரிக்கும், வெள்ளையாகப் பொடிந்து பொடுகு மாதிரியே உதிரும். பொடுகை அடக்கிவிட்டு மினாக்சிடிலால் பொடுகு வந்த மாதிரி நின்றால் எப்படி இருக்கும்! ஃபோம் வகையில் அந்தக் கிளைகால் இல்லை, காய்ந்ததும் தலை தலையாக இருக்கும். விலை கூடுதல். நம் ஊர் வெயிலில் விரலில் எடுத்த உடனே உருகி ஓடிவிடும், விரலைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். எண்ணெய்த் தலை என்றால் ஃபோமுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு வீணில்லை என்பது என் கருத்து.

முதல் சில வாரம் முடி அதிகமாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுச்சுற்று தொடங்குகிறது என்பதுதான் விளக்கம், ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கும்போது விளக்கம் உதவாது. பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்ததும் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், இந்த மருந்து அதற்கு விஷம். தலையணையில் ஒட்டியதைக்கூட நக்கக் கூடாது. எனக்கு உச்சியில் கொஞ்சம் அடர்த்தி வந்திருக்கிறது, அதே விளக்கில் எடுத்த போட்டோவில் தெரிகிறது. நெற்றியோரம் அசையவில்லை. ஃபினாஸ்டிரைடு மாத்திரை டிஹெச்டி உண்டாவதையே குறைக்கிறது. 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பலமான மருந்து, சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவும் வரும். டாக்டரிடம் பேசாமல் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் அல்ல. நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் புரோக்கர் கேட்டனுப்புகிற முதல் விஷயம் போட்டோ. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது இருந்தாக் குடுங்க தம்பி" என்றார். கொடுக்கவில்லை, இப்போது எடுத்ததைத்தான் அனுப்பினேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. சரி, செவ்வாய் மேல் பழி.

யாரெல்லாம் இந்த ஷாம்புவை நம்பி உட்காரக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு அளவில் வட்டமாகத் திடீரென்று முடி கொட்டினால் அது வேறு நோய். டெங்கு, டைபாய்டு மாதிரிக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் சில மாதத்தில் தானாக நிற்கும், ஷாம்புவுக்கு அதில் பங்கில்லை. தலையில் தழும்பு மாதிரி வழவழப்பாகத் தெரிந்தாலோ, சீழ் வைத்தாலோ மெடிக்கலுக்கு அல்ல, நேரே டாக்டரிடம். நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி எல்லோருக்கும் கொட்டும், மூன்று நாள் குளிக்காமல் இருந்து நாலாம் நாள் குளித்தால் மூன்று நாள் பாக்கியும் சேர்ந்துதான் கையில் வரும். அதைப் பார்த்துவிட்டு ஷாம்புவால் கொட்டியது என்று பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெல்மெட்டையும் திட்டாதீர்கள், உள்துணியைத் துவைத்தால் போதும்.

வாங்கும்போது பாட்டிலில் கெட்டோகோனசோல் 2 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'கீட்டோ' என்று பெரிதாகப் பெயர் வைத்துவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் கற்றாழையும் வெங்காயமும் மட்டும் போட்ட பாட்டில்கள் உண்டு. 100 மில்லி, வாரத்துக்கு இரண்டு முறை என்றால் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும், பராமரிப்புக்கு என்று குறைத்த பிறகு இன்னும் நீளும். மதிப்பெண் கேட்டால், அரிப்புக்கும் பிசுக்குக்கும் ஐந்துக்கு நாலரை. முடியின் மென்மைக்கு ஒன்றரை. வழுக்கைக்கு மதிப்பெண் கிடையாது, அது பாடத்திட்டத்திலேயே இல்லை. என் தம்பி காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான், தலையில் எனக்கு இருந்த அதே மஞ்சள் பிசுக்கு. போன வாரம் ஊருக்கு வந்தவன் என் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனிமேல் இரண்டாகத்தான் வாங்க வேண்டும்.